நாபோத்தின் தோட்டமும் நம் சேமிப்பும்

பாவம் என்றதும் பாவி ஒருவர் நம் மனக்கண்முன் வந்து நிற்கிறார். திருடியவர், பொய்ச்சான்று சொன்னவர், வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டவர் எனச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் இருக்கிறார். ஒப்புரவு அருளடையாளத்திலும் ஒவ்வொருவரும் தம் குற்றத்தைத் தாமே சொல்கிறார். ஆனால், நம் காலத்துப் பெருந்தீங்குகள் பலவற்றுக்கு இவ்வாறு சுட்டிக்காட்ட ஆள் அகப்படுவதில்லை. ஓர் ஆறு கெடுகிறது. கரையோரத்துக் கிணறுகள் கெடுகின்றன. கெடுத்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயர்ப்பலகையே விடையாகக் கிடைக்கிறது. அப்பலகையில் நிறுவனத்தின் பெயரும், அதன் இறுதியில் 'லிமிடெட்' என்னும் சொல்லும் எழுதப்பட்டிருக்கின்றன. பெயர்ப்பலகை பாவம் செய்யுமா? செய்யாது எனில், அந்தப் பாவம் யாரைச் சேரும்? வைப்புநிதி, காப்பீடு, பரஸ்பர நிதி, பங்குகள் என நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பும் நிறுவனங்களுக்குள் சென்று சேர்ந்துவிட்ட இந்நாளில், இக்கேள்வி ஆலை அதிபர்களுக்கு மட்டும் உரியதன்று. திண்டிவனத்தில் ஓய்வூதியம் பெறும் ஆசிரியருக்கும் உரியது.

முதலில் 'லிமிடெட்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். அங்கே வரையறுக்கப்பட்டிருப்பது எது? இலாபம் அன்று, பொறுப்பே வரையறுக்கப்பட்டுள்ளது. நிறுவனம் கடனில் மூழ்கினாலும், பங்குதாரர் தாம் இட்ட முதலை மட்டுமே இழப்பார். அவர் வீட்டையோ நிலத்தையோ கடன்காரர் தொட இயலாது. இங்கிலாந்தில் 1855ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 1857ஆம் ஆண்டிலும் இக்கோட்பாடு சட்டமாயிற்று. 1897இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, ஆரன் சாலமன் என்பவரின் வழக்கில், நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று உறுதிபடத் தீர்ப்பளித்தது. அந்தச் சாலமன் தோல் காலணிகள் செய்து விற்றவர். தோல் தொழிலைப் பற்றி இக்கட்டுரையில் பேசவிருக்கும் நமக்கு அது நினைவில் நிற்கத்தக்க செய்தி.

இந்த ஏற்பாட்டில் நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. சிறுசேமிப்புக்காரர்கள் பலர் அஞ்சாமல் கூடியதால்தான் இருப்புப்பாதைகளும் ஆலைகளும் எழுந்தன. பத்துப் பங்கு வைத்திருக்கும் கைம்பெண் ஒருவர், எங்கோ இருக்கும் மேலாளரின் தவற்றுக்காகத் தம் வீட்டை இழப்பது நீதியாகாது. ஆயினும், கடனுக்காக வகுக்கப்பட்ட இந்த எல்லையைக் காலப்போக்கில் மனச்சான்றுக்கும் எல்லையாக நாம் எடுத்துக்கொண்டோம். சட்டம் நம்மைத் தொடாத இடத்தில் இறைவனும் தொடமாட்டார் என்று எண்ணத் தலைப்பட்டோம். பிழை அங்குதான் தொடங்குகிறது.

கூட்டு அமைப்பின் குற்றம் யாருடையது என்னும் சிக்கல் திருச்சபைக்குப் புதிதன்று. 1245ஆம் ஆண்டில் முதல் லியோன் பொதுச்சங்கத்தின்போது திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், ஒரு குழுமத்தை அல்லது சங்கத்தை முழுமையாகச் சபைநீக்கம் செய்தலாகாது என்று தடைவிதித்தார். குழுமத்துக்கு ஆன்மா இல்லை. அதைத் தண்டித்தால் அதில் உள்ள குற்றமற்றவர்களும் தண்டிக்கப்படுவர். ஆகவே, குற்றம் புரிந்த ஆட்களைத் தேடிக் கண்டு அவர்களையே பொறுப்பாக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. இதையே சிலர் திருப்பிப் படிக்கின்றனர்: நிறுவனத்துக்கு ஆன்மா இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று. திருச்சபை கண்ட முடிவோ இதற்கு நேர்மாறானது. ஆன்மா இல்லாத ஒன்றின் பின்னே ஆன்மா உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடுங்கள் என்பதே அது.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் இதனை இன்னும் கூர்மையாகச் சுட்டினார். வணிக நிறுவனங்களின் இடரைப் பங்கிட்டுச் சுருக்கிய சட்டங்கள், மனச்சான்றின் கடமையுணர்வையும் சுருக்கிவிட்டன என்றும், பொதுப்பெயர் ஒன்றின் நிழலில் ஒளிந்துகொண்டு பெரும் அநீதிகள் இழைக்கப்படுகின்றன என்றும் அவர் எச்சரித்தார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 'பாவக் கட்டமைப்புகள்' என்று அவர் அழைத்தவை தனிமனிதரின் பாவங்களில் வேரூன்றியவை என்று தெளிவுபடுத்தினார். கட்டமைப்பின் மீது பழியைச் சுமத்திவிட்டு நாம் வீட்டுக்குச் செல்ல முடியாது.

இவையெல்லாம் தொலைதூரக் கோட்பாடுகள் அல்ல. திண்டிவனத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, செங்கற்பட்டை அடையுமுன் பாலாற்றைக் கடக்கிறது. மழைக்காலம் போக மற்ற நாள்களில் பேருந்தின் சன்னல் வழியே மணற்பரப்பே தெரியும். அந்த ஆற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இருக்கின்றன. தோல் பதனிடும் தொழிலால் உலகச் சந்தையில் பெயர்பெற்ற ஊர்கள் இவை. முன்னாளில் ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளைக் கொண்டு பல நாள் ஊறவைத்துப் பதனிட்ட தோலை, குரோமிய உப்பைக் கொண்டு விரைவில் பதனிடும் முறை பரவியது. ஏற்றுமதி பெருகியது, அந்நியச் செலாவணி வந்தது, பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது. கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் இறங்கியது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. தீங்கு நேருமுன் தடுப்பதே கடமை என்னும் நெறியும், மாசு செய்தவரே அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என்று அது அறிவித்தது. தோல் தொழிலகம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, இழப்பைக் கணக்கிட்டு ஈடு வழங்க ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது.

அவ்வாணை பிறந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 சனவரி 30 அன்று, அதே உச்ச நீதிமன்றம் அதே வேலூர் மண்ணைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஈடு பெறாதவர்க்கு ஈடு வழங்கப்பட வேண்டும், அரசு அதை மாசு செய்தவரிடமிருந்து வசூலிக்க வேண்டும், சேதம் சீர்படும்வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது என்று அது கூறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. கிணறு கெட்டபோது ஏர் பிடித்தவர்களுள் எத்தனை பேர் அந்த இரண்டாம் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இருந்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இராணிப்பேட்டையில் இன்னும் கூர்மையான ஒரு பாடம் உண்டு. தோல் பதனிடத் தேவையான குரோமிய வேதிப்பொருள்களைச் செய்த 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் லிமிடெட்' என்ற ஆலை 1970களின் நடுவில் எழுந்து, 1995இல் மூடப்பட்டது. ஆலை ஓய்ந்தது, ஒரு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக்கழிவு அங்கேயே மலைபோல் கிடந்தது. புற்றுநோய் விளைவிக்கக்கூடிய குரோமியம் அதில் கலந்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து பத்தாண்டுகள் பல கடந்தன. மனிதர் இறந்தால் அவர் கடனைப் பிள்ளைகள் ஏற்பது நம் மரபு. நிறுவனம் இறந்தால் பிள்ளைகள் இல்லை. அதன் இலாபத்துக்கு வாரிசுகள் உண்டு; அதன் கழிவுக்கு மட்டும் ஊர்மக்களே வாரிசு.

அதே ஊரில் 2015 சனவரி 31 அன்று விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தொழிலகத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அச்சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தம் கழிவைச் சுத்தம் செய்யத் தொழிலகங்கள் கூடி அமைத்த நிலையம் அது. அதுவும் ஒரு நிறுவனமே. பொறுப்பைப் பலர் கூடிச் சுமந்தால் சுமை இலேசாகும் என்பார்கள். பொறுப்பைப் பலர் கூடி வேறொரு பெயரிடம் ஒப்படைத்தால் என்னவாகும் என்பதற்கு அந்த விடியற்காலை சான்று.

இந்நிலையில் திருவிவிலியத்தில் அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரம் நமக்கு விளக்காக வருகிறது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னன் விரும்பினான். மூதாதையர் சொத்தை விற்க நாபோத்து மறுத்தார். ஆகாபு செய்தது என்ன? முகத்தைத் திருப்பிக்கொண்டு, உண்ணாமல் படுத்தான், அவ்வளவே. மடல் எழுதியவள் ஈசபேல். ஆனால் எழுதியது அரசன் பெயரால். இட்டது அரசனின் முத்திரை. அதை நிறைவேற்றியவர்கள் நகரின் பெரியோர். பொய்ச்சான்று சொன்னவர்கள் கூலிக்கு வந்த இருவர். கல் எறிந்தது மக்கள் கூட்டம். எல்லாம் முறைப்படி நடந்தது; நோன்பு அறிவிக்கப்பட்டது, அவை கூடியது, சாட்சியம் கேட்கப்பட்டது, தீர்ப்பு நிறைவேறியது. ஆகாபு எதையும் எழுதவில்லை, எறியவில்லை. ஒருவேளை, கேட்கவும் இல்லை. தோட்டம் கைக்கு வந்தபோது எழுந்து சென்று பெற்றுக்கொண்டான். இன்றைய மொழியில் சொன்னால், அவன் பங்காதாயம் பெற்றான்.

எலியா இறைவாக்கினர் எங்கே அனுப்பப்பட்டார்? மடல் எழுதப்பட்ட அறைக்கு அன்று, கல்லெறி நடந்த இடத்துக்கும் அன்று. ஆதாயம் பெற்றவன் நின்ற தோட்டத்துக்கே அவர் அனுப்பப்பட்டார். கொலை செய்ததும் கொள்ளையிட்டதும் நீயே என்று ஆண்டவர் ஆகாபிடம் கேட்டார். முத்திரை யாரிடம் இருந்ததோ அவனிடமே பொறுப்பும் இருந்தது. முத்திரையை மனைவியிடம் விட்டுவிட்டேன் என்பது மன்னிப்புக்குக் காரணமாகவில்லை, குற்றமே அதுவாயிற்று.

இதிலிருந்து, பங்குதாரர் அனைவரும் ஆகாபுகள் என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் அறநெறி இறையியல் இவ்விடத்தில் நிதானமாக நடக்கக் கற்பிக்கிறது. தீச்செயலை விரும்பி அதில் சேர்பவருக்கும், விரும்பாமல் அதற்குத் துணையாகிவிடுபவருக்கும் வேறுபாடு உண்டு. துணையானவர்களிலும் அருகில் இருப்பவருக்கும் தொலைவில் இருப்பவருக்கும் வேறுபாடு உண்டு. கழிவுக்குழாயின் திசையை முடிவு செய்யும் இயக்குநரின் பொறுப்பு வேறு. பரஸ்பர நிதி வழியாக ஐந்நூறு ரூபாய் இட்டவரின் பொறுப்பு வேறு. அதிகாரம் எவ்வளவோ, கணக்கும் அவ்வளவே. ஆயினும், தொலைவு குற்றத்தைக் குறைக்கும். அறிந்துகொள்ளும் கடமையை அழிக்காது. மேலும், பிறர் பொருளை நன்னம்பிக்கையோடு வைத்திருப்பவர்கூட, அது பிறருடையது என்று அறிந்த நொடியிலிருந்து அதை வைத்துக்கொள்ளலாகாது என்பது பழைய அறநூலாரின் முடிவு. சந்தையில் வாங்கிய மாடு திருட்டு மாடு என்று தெரிந்தபின் அதைக் கட்டிப் பால் கறப்பவரை நம் கிராமத்துப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? நம் பங்காதாயத்தில் யாரோ ஒருவர் கிணற்றின் விலை கலந்திருப்பது தெரிந்தால் நம் நிலையும் அதுவே.

இங்கே நேர்மையான மறுப்பொன்று எழும். "ஆலைகளை மூடிவிட்டால் ஏழைகள்தாமே பட்டினி கிடப்பர்? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி தைக்கும் பெண்களுக்கு என்ன பதில்?" இக்கேள்வியை அலட்சியம் செய்பவர் ஏழையை நேசிப்பவர் அல்லர். ஆனால் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரித்துத் தொழில் செய்யச் சொன்னது. தூய்மையான நீர், கூலியைப் போலவே ஏழையின் உரிமை. கூலியைக் கொடுத்துக் கிணற்றைப் பறிப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதாகும். சுத்திகரிப்புச் செலவு தோலின் உண்மை விலையில் ஒரு பகுதி. அதைக் காலணி அணிபவர் கொடுக்காமலும், ஆலை கொடுக்காமலும் விட்டால், உழவர் தம் நிலத்தால் கொடுக்கிறார். கூலி கொடாமல் அபகரித்ததை எதிர்த்துத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் குரல் எழுப்பினார். இயற்கையின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒரே குரலாகக் கேட்கத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் நம்மை அழைத்தார். இரண்டும் ஒரே நீதியின் இரு முகங்கள்.

சட்டங்கள் முன்னேறாமல் இல்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரரை மட்டுமன்றிப் பணியாளரையும் சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் கருத்திற்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளைப் பற்றி ஆண்டறிக்கை தர வேண்டும் என்பது செபியின் விதி. 2023 சனவரியில் நடுவண் அரசு முதன்முறையாகப் பசுமைக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. அதே ஆண்டு சூன் முதல், வங்கிகளின் பசுமை வைப்புநிதிக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணம் எங்கே சென்றது என்பதை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

எனினும், ஆகாபின் கதையின் முடிவை நாம் மறக்கலாகாது. எலியாவின் சொல்லைக் கேட்ட ஆகாபு ஆடையைக் கிழித்தான், சாக்கு உடுத்தினான், நோன்பிருந்தான். அவன் தாழ்மையைக் கண்ட ஆண்டவர் தண்டனையை அவன் மகனின் காலத்துக்குத் தள்ளிவைத்தார். ஆனால் தோட்டம் திரும்பக் கொடுக்கப்பட்டதாக அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. வருத்தம் இருந்தது, ஈடுசெய்தல் இல்லை. விளைவு அடுத்த தலைமுறையின் தலையில் விழுந்தது. அழகிய படங்களோடு அச்சாகும் ஆண்டறிக்கைகளில் சிலவும் இத்தகைய சாக்கு உடையாக இருக்கக்கூடும். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் பேசினார். பச்சை வண்ணம் அடித்த கல்லறைகளும் உண்டு.

சக்கேயுவின் வழி வேறு. தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார், அது இரக்கம். அதோடு நில்லாமல், எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார், அது நீதி. முதலாவது இரண்டாவதற்கு ஈடாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். 2 விழுக்காட்டுப் பணி எவ்வளவு நல்லதாயினும், மீதி 98 விழுக்காடு எவ்வாறு ஈட்டப்பட்டது என்னும் கேள்வியை அது அடைக்கலாகாது. நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெறும்போது இதை நினைக்க வேண்டும். ஏழைகளின் உடைமையை எடுத்துப் பலி செலுத்துவதைச் சீராக்கின் ஞானநூல் 34ஆம் அதிகாரத்தில் எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் ஒருமுறை எடுத்துப் படிப்பது நலம். நன்றிப் பலகை வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு.

அப்படியானால், செய்ய வேண்டியது என்ன? கோபுரம் கட்ட எண்ணுபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்றார் ஆண்டவர். கட்டும் செலவு மட்டும் செலவன்று. மூடும் செலவும் செலவே. பெரும் கனிமச் சுரங்கங்கள் தொடங்கும்போதே மூடும் திட்டமும் அதற்கான நிதி உறுதியும் தர வேண்டும் என்பது நம் நாட்டில் விதி. நச்சுக்கழிவு உண்டாக்கும் ஒவ்வோர் ஆலையிடமும் இதையே கேட்பது அரசின் கடமை. கேட்கச் செய்வது குடிமக்களின் கடமை. இது திண்டிவனத்துக்கு அயலாருடைய பேச்சன்று. ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் பூமி இது. இதன் அருகிலும் சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும்; ஆகவே அதை வரவேற்கிறோம். இச்சுற்றுவட்டாரத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் மரக்காணம் அருகே உள்ள கழுவேலியில் சேர்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்ற நீர்நிலை அது. மேட்டில் நாம் விடுவது பள்ளத்தில் போய்ச் சேரும். பாலாறு கற்ற பாடத்தை நாம் மறுபடியும் விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. கிராமசபையில் கேட்கப்படும் எளிய கேள்வி ஒன்று போதும்: "கழிவு எங்கே போகும்? ஆலை மூடினால் அதை அகற்றுபவர் யார்? அதற்குரிய பணம் எங்கே இருக்கிறது?"

பொதுநிலையினரில் கணக்காய்வாளர்கள் உண்டு, வங்கி அலுவலர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, சிறு நிறுவனங்களின் இயக்குநர்களும் உண்டு. நிறுவனம் என்னும் உடலுக்கு ஆன்மா இல்லை. அங்கே அமர்ந்திருக்கும் திருமுழுக்குப் பெற்றவர் தம் ஆன்மாவை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுச் செல்லலாகாது. கையொப்பம் இடுமுன் படிப்பதும், தவறு கண்டால் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதிவு செய்வதும் அவருடைய செபத்தின் பகுதி. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் தம் வைப்புநிதிகள் எங்கே உழைக்கின்றன என்று ஆராயட்டும். திருப்பீடச் சமூக அறிவியல் கழகம் 2022இல் நம்பிக்கைக்கு இசைந்த முதலீட்டுக்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டுள்ளது. சிறுசேமிப்புக்காரர் தம் வங்கியிடமும் நிதி முகவரிடமும் இரண்டு கேள்வி கேட்கலாம். ஒருவர் கேட்டால் முகவர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவார்.

பொறுப்பைப் பங்குகளாகப் பிரிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மனச்சான்று பிரிபடுவதில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு கிணற்றைக் கெடுத்தால், அதில் நீர் இறைக்க வந்த பெண்ணுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு தாகம் மட்டுமா எடுக்கிறது? அவளுடைய தாகம் முழுத் தாகம். இறுதித் தீர்ப்பு நாளில் தாகமாயிருந்தேன் என்று நம்மிடம் சொல்லப்போகிறவர், அந்தக் கிணற்றடியில் நின்றவர்.